ஊட்டி ஃபிலிமில் அப்பாவின் முகம்

நம் வயதுக்காரர்களுக்கு ‘இந்து’ ஃபிலிம் ஞாபகம் இருக்கும். 1960-ல் தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் ஊட்டியில் தயாரித்தது. எங்கள் அக்ஃபா கிளிக் 3-ல் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அப்பா எண்ணி எண்ணித்தான் எடுப்பார். கபாலி கோயில் குளக்கரையில் அவரே நிற்கும் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றுதான் இருக்கிறது.

அதை ஸ்கேன் செய்ய உட்கார்ந்தால், பழைய ஸ்கேனரோடு வந்த குறுந்தகடு புதிய கம்ப்யூட்டரில் ஏறவில்லை. பலர் வீட்டிலும் இதே கதைதான். இயந்திரம் நன்றாக இருக்கும், மென்பொருள் காலாவதியாகியிருக்கும். நிக்கான்கூட தன் ‘நிக்கான் ஸ்கேனை’ 64-பிட் விண்டோஸுக்குக் கொண்டுவராமலே விட்டுவிட்டது.

அந்தக் குறையைத் தீர்க்க இரண்டு உண்டு. ஜெர்மனியின் கீல் நகரத்து ‘சில்வர்ஃபாஸ்ட்’. அமெரிக்கரான எட் ஹாம்ரிக் 1998-ல் வெளியிட்ட ‘வியூஸ்கேன்’. முன்னதன் லைசென்ஸ் குறிப்பிட்ட ஸ்கேனர் மாடலுக்கு. பின்னது ஆயிரக்கணக்கான மாடல்களுக்கு. பென்ஷன்காரன் பின்னதை வாங்கினேன்.

முதல் ஸ்கேனில் அப்பாவின் முகம் திட்டுத் திட்டாக வந்தது. பகீரென்றது. காரணம், தூசி நீக்கும் ‘இன்ஃப்ராரெட் கிளீன்’. கலர் நெகட்டிவின் சாயம் அகச்சிவப்புக் கதிரை ஊடுருவ விடும், தூசி மறிக்கும். கறுப்பு வெள்ளையிலோ உருவமே வெள்ளித் துகள், அதுவும் மறிக்கும். மென்பொருள் அப்பாவையே தூசியென்று துடைத்திருக்கிறது! உங்கள் டிரங்குப் பெட்டியில் கறுப்பு வெள்ளை ரோல் இருந்தால் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

அணைத்துவிட்டு மறுபடி ஸ்கேன் செய்தேன். கீறல்கள் அப்படியே இருக்கின்றன. நெற்றியில் விபூதிக் கீற்றும் தெரிகிறது.