தலையில்லாத தாய்மார்கள்

உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற உயரம்தான். ஒரு பெண் கால்களை ஒரு பக்கமாக மடக்கி உட்கார்ந்திருக்கிறாள். மடியிலோ இடுப்பிலோ ஒரு குழந்தை, மார்பைப் பற்றிக்கொண்டு. அவளுடைய ஒரு கன்னம் மட்டும் புடைத்திருக்கிறது. உள்ளே எதையோ அதக்கி வைத்திருக்கிறாள். வெற்றிலையாக இருக்கலாம், வட தாய்லாந்தில் மெல்லுகிற 'மியாங்' என்ற புளித்த தேயிலையாகவும் இருக்கலாம். பால் கொடுக்கிற நேரத்தில் வாய் சும்மா இருப்பதில்லை என்பதுவரை அந்தக் குயவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் இந்தக் கன்னத்தைப் பார்க்க நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம் வேண்டும். இந்தப் பொம்மைகள் பலவற்றுக்குத் தலையே கிடையாது.

தாய்லாந்தின் யோம் ஆற்றங்கரையில் இருக்கும் சி சச்சனாலையில் செய்தவை இவை. காலம், சுமாராக 14 முதல் 16ஆம் நூற்றாண்டுவரை. சுகோத்தாய் அரசின் இன்னொரு பெரிய நகரம் அது. பிறகு அயுத்தியாவின் கைக்குப் போய் சவன்கலோக் என்று பெயர் மாறியது. ஆற்றை ஒட்டி பான் கோ நோய், பா யாங் ஆகிய இடங்களில் நூற்றுக்கணக்கான சூளைகள். இங்கிருந்து பச்சை மெருகு பூசிய தட்டும் கிண்ணமும் கப்பல் கப்பலாகத் தெற்கே வந்தன. நம் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கிக் கிடந்த 'ராயல் நன்ஹாய்' கப்பலிலிருந்து எடுத்த பீங்கானில் பெரும்பகுதி இந்த ஊர்ச் சரக்குதான். காசு தட்டில் இருந்தது. ஆனாலும் பொம்மையும் விடாமல் செய்தார்கள். பா யாங்கில் ஒரு சூளைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருக்கும் பெயரே 'பொம்மைச் சூளை'. சண்டைச் சேவலைக் கட்டிக்கொண்டிருக்கும் ஆள், யானை, யானைமேல் வீரர்கள் என்று பலவும் உண்டு. தாயும் சேயும்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள்.

தாய் மொழியில் இவற்றை 'துக்காத்தா சியா கபான்' என்கிறார்கள். துக்காத்தா என்றால் பொம்மை. சியா என்றால் இழப்பது. கபான்? நம்ம கபாலிதான். சமஸ்கிருதக் 'கபாலம்' அங்கே போய்த் தேய்ந்து கபான் ஆகி, நாம் 'மண்டை' என்று சொல்வதுபோலக் கொஞ்சம் முரட்டுச் சொல்லாகிவிட்டது. ஆக, மண்டை போன பொம்மை.

பெயருக்குப் பின்னால் ஒரு சடங்கு இருக்கிறது. நோய் வந்தாலோ பிரசவம் நெருங்கினாலோ ஒரு களிமண் பொம்மை செய்வார்கள். வாழைப்பட்டையில் மடித்த தட்டில் சோறு கறியோடு அதை வைத்து, கழுத்தை உடைத்து, முச்சந்தியில் விடுவார்கள், அல்லது ஆற்றில் மிதக்க விடுவார்கள். ஆள் செத்தாச்சு என்று நம்பிப் பேய் பொம்மையோடு போய்விட வேண்டும். அதுதான் கணக்கு.

ஏன் இவ்வளவு பயம்? பழைய சியாமின் பேறுகாலப் பழக்கங்களைப் பிரயா அனுமான் ராஜதோன் எழுதி வைத்திருக்கிறார். படித்தால் புரியும். குழந்தை பெற்றவளை நெருப்புக்குப் பக்கத்தில் நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். முதல் மூன்று நாள் குழந்தை பேயின் பிள்ளை, நாலாவது நாளிலிருந்துதான் மனுசப் பிள்ளை என்பது வழக்கு. குழந்தையை முறத்தில் போட்டு ஆட்டி, இது யார் பிள்ளை என்று கேட்பார்கள். ஒருத்தி, என் பிள்ளை என்று சொல்லிக் காசு கொடுத்து வாங்கிக்கொள்வாள். பெற்றவள் வாய் திறக்கக் கூடாது. பெற்றவள் ஆசைப்படுகிறாள் என்று தெரிந்தால் பேய்க்கும் ஆசை வந்துவிடுமாம். அந்த மௌனத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொம்மையைப் பார்த்தால், அதன் அமைதி எனக்கு அவ்வளவு நிம்மதியாகத் தெரியவில்லை.

கொஞ்சம் நிதானிக்கவும் வேண்டும். சடங்கு பற்றிய விவரங்கள் எல்லாம் பிற்காலத்தவை, பொம்மைகளோ பல நூற்றாண்டு முந்தியவை. கழுத்துதான் இருப்பதிலேயே மெல்லிய இடம். ஐந்நூறு வருசம் மண்ணுக்கடியில் கிடந்தால் எந்தச் சடங்கும் இல்லாமலே உடையும். உடைக்கப் போகிற பொருளுக்கு யாராவது மெருகு பூசி, தலைமுடிக்குப் பழுப்புக் கோடு இழுத்து, கொதிக்கிற சூளையில் வேகவைப்பார்களா? பிற்காலத்தவர் பச்சைக் களிமண்ணோடு நிறுத்திக்கொண்டார்களே! அதனால் இவை பிள்ளை வரம் கேட்டு வைத்த காணிக்கை என்றும், வெறும் விளையாட்டுச் சாமான் என்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

உடைந்ததெல்லாம் சடங்கில் உடைந்தது என்று நானும் நம்பவில்லை. ஆனால் விளையாட்டுச் சாமான் என்ற பதில் எனக்குப் போதவில்லை. சேவலும் யானையும் விளையாட்டுக்குச் சரி. பால் கொடுக்கும் பெண்ணை இத்தனை தடவை செய்ததற்குக் கேட்டு வாங்கிய ஆட்கள் இருந்திருக்க வேண்டும். பதிலாளாகப் போகிறவளுக்குச் சாயல் வேண்டும், இல்லையென்றால் பேய் ஏமாறாது. அப்படி நினைத்தால் அந்தக் கன்னத்துப் புடைப்புக்கும் ஒரு வேலை இருக்கிறது.

இன்றைய சந்தையில் இவை 'அலங்காரச் சிற்றுருவம்'. வாங்குகிறவருக்கு முழு அம்மா வேண்டும். அதனால் விற்பனைக்கு வருபவற்றில் ஒட்டிய தலைகள் நிறைய. சில சமயம் அது வேறொருத்தியின் தலை. ஏலக்காரர்கள் 'கழுத்து பழுதுபார்க்கப்பட்டது' என்று சின்ன எழுத்தில் போடுவார்கள். சடங்குக் கதை உண்மையாக இருந்தால், பசை போட்டவர் ஒரு பழைய பேரத்தைக் கலைத்திருக்கிறார்.

தாயின் தலை போய், குழந்தையின் தலை அப்படியே இருக்கும் பொம்மைகளும் உண்டு. காரணம் சாதாரணமானதுதான்: குழந்தையின் முகம் அவள் உடம்போடு அப்பியிருக்கிறது, உடைய இடமில்லை.