மைக் வெப்ஸ்டர்: கணக்கில் வராத மோதல்கள்

அமெரிக்கக் கால்பந்து நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவதும், எறிவதும், ஓடுபவரை மோதி வீழ்த்துவதும்தான் அங்கே ஆட்டம். எறிபவருக்கும் பிடிப்பவருக்கும்தான் புகழ். அவர்களுக்கு அரணாக முன்வரிசையில் நிற்கும் ஐந்து பேரை ரசிகர்கள் அதிகம் கவனிப்பதில்லை. அந்த ஐவரில் நடுவில் நிற்பவர் சென்டர். குனிந்து, கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுத்த மறுகணமே, பாய்ந்து வரும் எதிராளியை அவர் தடுக்க வேண்டும். ஒரே ஆட்டத்தில் இது பல டஜன் முறை நடக்கும். எத்தனை முறை தலை மோதியது என்று அன்று யாரும் எண்ணியதில்லை.

மைக் வெப்ஸ்டர் 1952இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பிறந்தவர். 1974இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி ஐந்தாவது சுற்றில்தான் இவரைத் தேர்ந்தெடுத்தது. அந்த இடத்துக்கு இவர் உருவம் சிறியது என்பது பலரின் எண்ணம். இவரோ கடுங்குளிரிலும் அரைக்கைச் சட்டையோடு களமிறங்கினார். ஸ்டீலர்ஸ் நான்கு சூப்பர் பவுல் வென்றபோதும் அணியில் இருந்தார். கடைசி இரண்டு ஆண்டுகளைக் கன்சாஸ் சிட்டியில் கழித்து, 17 பருவங்கள், 245 ஆட்டங்களுக்குப் பிறகு 1990 பருவத்தோடு ஓய்வு பெற்றார். 'இரும்பு மைக்' என்ற பட்டப்பெயர் சும்மா வந்ததல்ல.

அதன் பின் நடந்ததுதான் கொடுமை. ஞாபக மறதி, மனச்சோர்வு, ஓயாத வலி. குடும்பம் பிரிந்தது, சில இரவுகளில் வண்டியிலேயே தூங்கினார். 1997இல் புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தபோதும் நிலைமை இதுதான்.

2002 செப்டம்பரில், 50 வயதில், மாரடைப்பால் இறந்தார். பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஓமலு. வெளிப்பார்வைக்கு மூளை சாதாரணமாகவே இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் டௌ என்னும் புரதம் படிந்திருப்பது தெரிந்தது. குத்துச்சண்டை வீரர்களிடம் முன்பே அறியப்பட்ட பாதிப்பு போன்றது இது. 2005இல் ஓமலு கட்டுரை வெளியிட்டார். கட்டுரையையே திரும்பப் பெறச் சொன்னார்கள் தேசியக் கால்பந்து லீக்கின் மருத்துவக் குழுவினர்! தொடர்பு உண்டு என்று லீக் அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 2016 ஆனது.

வேடிக்கை என்னவென்றால், வெப்ஸ்டரின் முடக்கத்துக்குத் தலையில் பட்ட அடிகளே காரணம் என்று லீக்கின் ஓய்வூதிய வாரியம் 1999லேயே ஏற்றிருந்தது. ஆனால் விளையாடிய காலத்துக்குப் பிறகுதான் முடங்கினார் என்று சொல்லிக் குறைந்த தொகையே தந்தது. குடும்பத்தினர் வழக்காடினர். முழுத் தொகையும் தர வேண்டும் என்ற தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் உறுதி செய்தது. அப்போது அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.