கலப்படம் சொன்ன உண்மை



செல் சவ்வு கொழுப்பால் ஆனது என்று பாடம் நடத்தினேன், நினைவிருக்கிறதா? அதில் முக்கியமானது லெசித்தின். அது உருவாகும் விதத்தை 1950களில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் கென்னடி ஆராய்ந்தார். எலிக் கல்லீரலிலிருந்து எடுத்த கலவையில் ஏ.டி.பி. சேர்த்தால் லெசித்தின் உருவானது. இன்னும் சுத்தமான ஏ.டி.பி. போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை! முந்தைய சரக்கில் சி.டி.பி. என்ற வேறு பொருள் கொஞ்சம் கலந்திருந்தது. நொதி கேட்டது அதைத்தான். 1955இல் அவரும் சாமுவேல் வைஸும் இதை வெளியிட்டார்கள்.

இன்று நிறை நிறமாலைமானியில் மூலக்கூறுகளையே எடைபோட்டு, எந்த நொதிக்கு எந்தக் கொழுப்பு அமிலம் பிடிக்கும் என்றும் பார்த்துவிடுகிறார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. ஒருமுறை, "சோதனைக்குழாயைச் சரியாகக் கழுவவில்லை" என்று ஒரு மாணவியின் முடிவைச் சிவப்பு மையால் அடித்தேன். குழாயில் என்ன இருந்தது என்று கேட்கவே இல்லை. நீ இதைப் படித்தால் ஒரு வரி எழுதும்மா.