பியூப்ளோ மட்கலங்களும் வனைந்தோர் பெயரும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கே, நியூ மெக்சிகோ, அரிசோனா மாநிலங்களில் வாழும் பியூப்ளோ மக்கள் குயவர் சக்கரமின்றியே மட்கலம் வனைந்து வந்துள்ளனர். பிசைந்த களிமண்ணைக் கயிறுபோல் திரித்து, வளையம் வளையமாக அடுக்கி, சுவரை வழித்துச் சமன்செய்து, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். பெரும்பாலும் இது பெண்களின் தொழில். மகள் தாயிடமும் பாட்டியிடமும் கற்றாள். கலத்தில் பெயர் பொறிக்கும் வழக்கம் இல்லை. ஊருக்குள் அதற்குத் தேவையும் இருந்திராது.

1879இல் சுமித்சோனியன் நிறுவனத்தின் சார்பில் ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைமையில் சூனி ஊருக்குச் சென்ற குழு, ஆயிரக்கணக்கான பொருள்களைத் திரட்டி வாஷிங்டனுக்கு அனுப்பியது. அவற்றுள் மட்கலங்கள் மிகுதி. அச்சிடப்பெற்ற அட்டவணையில் ஊர், வடிவம், பயன் ஆகியன இடம்பெற்றன. வனைந்தவள் பெயர் இடம்பெறவில்லை. அடுத்த ஆண்டே இருப்புப்பாதை அல்புகர்க்கியை எட்டியது. உலோகப் பாத்திரங்கள் வீடுகளில் பெருக, மட்கலம் சுற்றுலாவினர்க்குரிய விற்பனைப் பொருளாக மாறலாயிற்று.

ஹோப்பி நிலத்து ஹானோ ஊரினரான நம்பெயோ (இறப்பு 1942) சிக்யட்கி என்னும் பாழூரின் பண்டை ஓவிய மரபை மீட்டவர். 1895இல் ஜெ. வால்டர் ஃப்யூக்ஸ் அங்கு நடத்திய அகழாய்வே அவர் கலைக்கு வித்திட்டதென நெடுங்காலம் எழுதப்பட்டது. அதற்கு முன்னரே அவர் பழைய ஓடுகளைப் பார்த்து வனையத் தொடங்கியிருந்தார் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் எடுத்துக்காட்டின. வனைந்தவரின் தேர்ச்சியை அகழ்ந்தவரின் கணக்கில் சேர்த்தது அக்கால எழுத்தின் இயல்பு போலும்.

பெயர் பொறிக்கும் வழக்கம் பரவியதில் சான் இல்டிஃபோன்சோ ஊரின் மரியா மார்ட்டினெஸுக்குப் பெரும்பங்குண்டு. எரியும் நெருப்பைத் தூளாக்கிய சாணத்தால் மூடிக் காற்றைத் தடுத்தால் செம்மண் கலம் கருநிறம் பெறும். இம்முறையில் மரியா வனைந்து மெருகேற்ற, கணவர் ஜூலியன் தீட்டிய கருப்பின்மேல் கருப்பு ஓவியக் கலங்கள் 1920ஐ ஒட்டித் தோன்றிப் புகழ்பெற்றன. வாங்குவோர் பெயரை நாடினர். 1920களில் கலங்களின் அடியில் ‘மாரி’ என்னும் ஒப்பம் தோன்றியது. ஊர்ப் பெண்கள் பிறர் வனைந்த கலங்களிலும் மரியா தம் பெயரை இட்டுக்கொடுத்ததுண்டு. சேகரிப்போர்க்கு இது குழப்பம். ஊரின் கண்கொண்டு நோக்கின், ஒருவர்க்குக் கிட்டிய நல்விலையைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் முறையே அது. 1943இல் ஜூலியன் மறைந்தபின் மருமகள் சந்தானா பெயரும், பின்னர் மகன் போபோவி டா பெயரும் மரியாவின் பெயரோடு இணைந்து வருவதைக் காணலாம்.

சாந்தா ஃபேயில் 1922இல் ஒரு விருந்தின்போது சூனிக் கலமொன்று உடைந்தது. அந்நிகழ்ச்சி பழங்கலங்களைக் காக்கும் நிதியமொன்று தோன்றக் காரணமாயிற்று. இந்தியக் கலை நிதியம் எனப் பெயர்பெற்ற அதன் தொகுப்பு, இன்று அந்நகரின் உயராய்வுப் பள்ளியில் உள்ளது. அத்தொகுப்பிலிருந்தும் நியூயார்க்கின் வில்செக் அறக்கட்டளையிலிருந்தும் எடுத்த கலங்களைக் கொண்டு 2022இல் அமைந்த காட்சியில், தேர்வும் விளக்கமும் பியூப்ளோ சமூகத்தார் அறுபதின்மருக்கும் மேற்பட்டோரிடம் விடப்பட்டன. ஒவ்வொருவரும் தாம் தேர்ந்த கலத்தைப் பற்றித் தம் சொல்லிலேயே எழுதினர்.