படியும் பந்தியும்

காரைக்குடி வட்டாரத்து நகரத்தார் வீடுகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. மகனுக்குத் திருமணமாகிச் சிறிது காலம் சென்றபின், அதே வீட்டிற்குள்ளேயே அவனை ‘வேறு வைப்பார்கள்’. கூரை ஒன்று, உலை தனித்தனி. ஆக, அன்றாடம் இருவருக்கு உலை வைக்கும் வீடு அது. கல்யாணம் என்றாலோ அதே வீட்டில் ஐந்நூறு இலை விழும். சிறு சமையலைப் பெருஞ்சமையலாக்கும் கணக்கை, கிலோவும் லிட்டரும் வருமுன் எப்படிப் போட்டார்கள்?

பழைய முகத்தலளவையைப் பாருங்கள். 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி, 8 படி ஒரு மரக்கால். எல்லாம் இரட்டிப்புத்தான், எட்டு என்பதும் மூன்று முறை இரட்டித்ததே. ஆழாக்குக்கு அரைக்கால்படி என்றும் பெயர், உழக்கு கால்படி. பின்னம் என்பது இங்கே சிலேட்டில் எழுதும் எண் அன்று, கையில் எடுக்கும் பாத்திரம்!

ஆளுக்கு ஓர் ஆழாக்கு அரிசி என்று கொள்வோம். 500 பேருக்கு 500 ஆழாக்கு. எட்டால் வகுத்தால் 62½ படி. மீண்டும் எட்டால் வகுத்தால் 7 மரக்கால், 6 படி, ஓர் உரி. மீதி வருவதெல்லாம் ஒரு பாத்திரத்தின் பெயராகவே வந்து நிற்கிறது. தசமப் புள்ளிக்கு வேலையே இல்லை.

இதைவிட நுண்ணிய பின்னங்களைத் திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் எண்சுவடியில் மனப்பாடம் செய்தார்கள். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஏன் 320? அது 64-ஐ 5-ஆல் பெருக்கிய எண். பாதி பாதியாகவும் பிரிக்கலாம், ஐந்தாகவும் பத்தாகவும் பிரிக்கலாம். பர்மாவில் வட்டிக்கடை வைக்கப் போன செட்டியார்களுக்கு இந்த மனக்கணக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்டுப் பேருக்கு 2 பலம் புளி என்றால் 500 பேருக்கு எவ்வளவு? தெரிந்த எண்கள் மூன்று, தெரியாதது ஒன்று. கி.பி. 499-இல் ஆரியபட்டர் விளக்கிய ‘திரைராசிகம்’ இதுதான். 1150-இல் பாஸ்கரர் தம் லீலாவதியிலும் இதை விரிவாகச் சொன்னார். 2-ஐ 500-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் 125 பலம். 40 பலம் ஒரு வீசை. எனவே 3 வீசை, 5 பலம்.

ஒரு சிக்கலும் இருந்தது. படியின் அளவு ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் இட்லிக்கு நாலு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து என்றால், எந்த ஊர்ப் படியானாலும் மாவு ஒன்றுதான். விகிதத்திற்கு அலகு கிடையாது அல்லவா? அரிசியைப் படியிலும் உப்பைப் பலத்திலும் சொன்னால்தான் வம்பு. படி மாறினால் ருசி மாறிவிடும். 1956-இல் சட்டம் வந்து, 1958 முதல் 1962-க்குள் மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபோது, விகிதமாகச் சொல்லப்பட்ட பக்குவங்களுக்கு ஒரு சேதமும் இல்லை.

இனி, திரைராசிகம் கைவிடும் இடம். அது தண்ணீர்! எட்டுப் பேர் சாம்பாரை 512 பேருக்குப் பெருக்குகிறீர்கள், 64 மடங்கு. அதே வடிவமுள்ள ஓர் அண்டாவை எடுத்தால், அதன் அகலமும் உயரமும் 4 மடங்கு. ஆனால் வாயின் பரப்பு 16 மடங்குதான். நீர் ஆவியாவது வாய்ப் பரப்பின் வழியே. ஒரே நேரம் கொதித்தால், சாம்பாரின் அளவோடு ஒப்பிட ஆவியாகும் நீர் கால் பங்கே. தண்ணீரையும் 64 மடங்கு ஊற்றினால் பந்தியில் சாம்பார் இலையைவிட்டு ஓடும். அடிப்பரப்பும் 16 மடங்கே என்பதால் கொதி வரவும் வெகு நேரமாகும். இதையே எட்டு அண்டாக்களாகப் பிரித்தால், ஒவ்வொன்றின் பரப்பும் 4 மடங்கு; மொத்தம் 32 மடங்கு. கல்யாணச் சமையற்காரர்கள் நாலைந்து அடுப்புகளை மூட்டி, வாயகன்ற பாத்திரங்களை ஏற்றுவதன் கணக்கு இதுவே.