பாலும் ஹாலும்

பிக்கட்டியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கள் வீட்டு முன்கூடத்தில் வந்து உட்காருவார்கள். ஒருநாள் படப்புத்தகத்தில் பால் டம்ளரைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டேன். "ஹாலு!" என்றது ஒரு குரல். சரிதான். படுகு மொழியில் பால், ஹாலுதான். ஆனால் அந்தப் பக்கத்துப் பாட்டு 'பா'வில் தொடங்கும் சொற்களால் ஓடுவது. 'ஹாலு' வந்தால் பாட்டு தடுக்கி விழுந்துவிடும். படம் பொருளைச் சொல்லிவிடும், ஓசையைச் சொல்லாது. எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தமிழில் குழந்தைப் பாட்டின் வரலாறே ஓசையின் வரலாறு. 1915இல் பாரதி 'பாப்பா பாட்டு' எழுதினார். ஆசிரியராக இருந்த கவிமணி சின்னச் சின்ன அடிகளில் பாடினார். வங்கியில் வேலை பார்த்த அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' 1944இல் வந்தது. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானதிலும் அவர் பங்கு பெரியது. இவர்கள் எல்லோரும் முதலில் காதுக்கு எழுதியவர்கள்.

கண்ணுக்கான காலம் பிறகு வந்தது. 1990களில் சென்னையில் தாரா, தூலிகா பதிப்பகங்கள் தொடங்கின. படம் வெறும் அலங்காரம் இல்லை, அதுவும் கதை சொல்லும் என்று காட்டின. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. ஆந்திராவின் ரிஷிவேலி பள்ளி அதற்கு முன்மாதிரி. அட்டைகள், கற்றல் ஏணி, தரையோடு ஒட்டிய கரும்பலகை. அவரவர் வேகத்தில் படிக்கலாம். பின்தங்கும் பிள்ளைக்கு அது பெரிய விடுதலை. ஆனால் அட்டையைத் தனியாகப் பார்த்துவிடலாம், பாட்டுக்குப் பல வாய்கள் வேண்டும். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைக்கு அது இன்னும் அதிகமாக வேண்டும் என்பது என் எண்ணம்.

இப்போது நான் புத்தகத்தை மூடிவைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். முதலில் கைதட்டிப் பாடுவோம். பிறகு படம். கடைசியில், "இதுக்கு உங்க வீட்டுல என்ன சொல்வீங்க?" என்ற கேள்வி. தமிழ்ச் சொல்லையும் வீட்டுச் சொல்லையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம். எதையும் அழிப்பதில்லை.

போன வாரம் அதே பிள்ளை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கு எங்கள் மொழியில் 'ஹட்டி' என்று பெயர். "அக்கா, ஹாலும் ஹட்டியும் ஒண்ணு போலத்தானே ஆரம்பிக்குது?"

மோனை என்று நான் இன்னும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. அவளே கண்டுபிடித்துவிட்டாள், அவள் மொழியில்.