நிக்கல் மைன்ஸும் ஒயிட் செட்டில்மென்ட்டும்: ஆயுதம் பற்றிய இரு கிறிஸ்தவ விடைகள்

தாக்க வருபவனைத் திருப்பித் தாக்கலாமா என்ற கேள்விக்குக் கிறிஸ்தவ உலகம் என்றுமே ஒரே குரலில் விடை சொன்னதில்லை. அமெரிக்காவில் நடந்த இரண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்தால் அந்த விடைகளின் இரு முனைகளும் தெரிகின்றன. 2006 அக்டோபர் 2 அன்று, பென்சில்வேனியாவின் நிக்கல் மைன்ஸில், ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த ஒருவன் பத்துச் சிறுமிகளைச் சுட்டான், ஐவர் இறந்தனர், அவனும் தன்னைச் சுட்டுக்கொண்டு மாண்டான். 2019 டிசம்பர் 29 அன்று, டெக்சஸின் ஒயிட் செட்டில்மென்ட்டில், ‘கிறிஸ்துவின் சபை’ மரபைச் சேர்ந்த ஒரு சபையில் திருவிருந்து நேரத்தில் ஒருவன் இருவரைச் சுட்டுக் கொன்றான். சில நொடிகளுக்குள் சபையின் பாதுகாப்புக் குழுத் தலைவர் அவனைச் சுட்டு வீழ்த்தினார். ஆமிஷ் மக்கள் மன்னித்தார்கள், டெக்சஸ் சபையார் சுட்டார்கள் என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுவது வழக்கம். சற்று நின்று பார்த்தால், இரு தரப்புக்கும் உள்ள உறவு அந்த வரிக்குள் அடங்காது.

வேற்றுமைகள் கண்ணுக்கு நேரே நிற்பவை. ஆமிஷ் மக்களுக்கு ஆராதனைக் கட்டடம் கிடையாது. முறை வைத்து வீடுகளில் கூடுகிறார்கள். டெக்சஸ் சபைக்கு அகன்ற கூடம் உண்டு. அன்று இருநூறுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். ஆமிஷ் மக்கள் புகைப்படத்துக்கு முகம் காட்டுவதில்லை; டெக்சஸ் சபையின் ஆராதனையோ நேரலையில் ஓடிக்கொண்டிருந்ததால் அந்தச் சில நொடிகளை உலகமே பார்த்தது. ஆமிஷ் மக்கள் ஆண்டுக்கு இரு முறை திருவிருந்தில் பங்கு கொள்கிறார்கள். கிறிஸ்துவின் சபையார் ஒவ்வொரு ஞாயிறும்.

ஒற்றுமைகளைத் தேடித்தான் எடுக்க வேண்டும். இரு மரபுகளும் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்து விசுவாசத்தை அறிக்கையிடுபவர்களுக்கே கொடுக்கின்றன. இரண்டிலும் இசைக்கருவி இல்லாமல் வாயால் மட்டும் பாடுவதே பழைய வழக்கம். இரண்டுக்கும் மேலே எல்லாச் சபைகளையும் ஆளும் தலைமையகம் இல்லை. புதிய ஏற்பாட்டுச் சபையை அப்படியே வாழ்ந்து காட்ட வேண்டும் என்ற ஏக்கம் இரண்டையும் பெற்றெடுத்தது.

இனி ஆயுதத்துக்கு வருவோம். ஆமிஷ் வீட்டில் துப்பாக்கியே இருக்காது என்று எண்ணத் தோன்றும். உண்மையில், நிக்கல் மைன்ஸ் அமைந்த லங்காஸ்டர் வட்டார ஆமிஷ் ஆண்கள் பலர் மான் வேட்டைக்குப் போகிறவர்கள். துப்பாக்கி அவர்களுக்குப் பழகிய பண்டம். 2015இல் பென்சில்வேனியா ஆமிஷ்காரர் ஒருவர், புகைப்பட அடையாள அட்டை இல்லாமல் துப்பாக்கி வாங்க அனுமதி வேண்டும் என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கே தொடுத்தார். ஆக, துப்பாக்கி வைத்திருப்பது இவ்விரு தரப்பையும் பிரிக்கவில்லை. அதை ஒரு மனிதனை நோக்கி உயர்த்தலாமா என்பதில்தான் பிரிகிறார்கள்.

டெக்சஸ் பக்கம் காத்திருக்கும் வியப்பு இதைவிடப் பெரிது. கிறிஸ்துவின் சபைகளின் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பெருந்தலைகளில் ஒருவர் நாஷ்வில்லைச் சேர்ந்த டேவிட் லிப்ஸ்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரே விசுவாசத்தைச் சேர்ந்தவர்கள் இரு படைகளிலும் நின்று ஒருவரையொருவர் கொன்றதைப் பார்த்தவர். கிறிஸ்தவன் போருக்குப் போகக் கூடாது, அரசுப் பதவி ஏற்கக் கூடாது, வாக்கும் அளிக்கக் கூடாது என்று அவர் எழுதினார். அந்த எழுத்து 1889இல் நூலாக வந்தது. ஆமிஷ் மக்களின் முன்னோர் 1527இல் சுவிட்சர்லாந்தின் ஷ்லைட்ஹைமில் வகுத்த அறிக்கையும் ஏறத்தாழ இதையே சொன்னது: பட்டயம், அதாவது வாள், அரசுக்குரியது, கிறிஸ்துவின் பூரணத்துக்குள் அதற்கு இடமில்லை. மூன்று நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியில், இரு கண்டங்களில், ஒரே முடிவு. ஆமிஷ் மக்கள் அதை வீட்டுப் பாடமாகவே காத்தார்கள். விசுவாசத்துக்காகத் தன்னைத் துரத்தி வந்தவன் பனிநீரில் மூழ்கியபோது திரும்பிப் போய்க் காப்பாற்றி, அதனாலேயே பிடிபட்டு 1569இல் எரிக்கப்பட்ட டிர்க் வில்லெம்ஸின் கதையை இன்றும் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். லிப்ஸ்கம்மின் குரலோ முதல் உலகப் போர்க் காலத்திலிருந்து தேய்ந்து, இன்று பெரும்பாலான சபைகளில் கேட்பதில்லை.

வேதப் பகுதிகளும் இரு தரப்புக்கும் பொதுவானவையே. கெத்செமனேயில் பேதுருவின் பட்டயத்தை இயேசு உறைக்குள் போடச் சொன்னதையும், வெட்டுண்ட காதைக் குணமாக்கியதையும் ஆமிஷ் மக்கள் முன்வைக்கிறார்கள். அதே இரவில், பட்டயம் இல்லாதவன் வாங்கிக்கொள்ளட்டும் என்று அவர் சொன்னதாக லூக்கா 22இல் வருவதை ஆயுதக் காவலை ஏற்பவர்கள் முன்வைக்கிறார்கள். இரவில் கன்னமிடுபவனைக் கொன்றவன்மேல் பழியில்லை என்ற யாத்திராகமம் 22ஐயும் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆனால் சூரியன் உதித்த பிறகு கொன்றால் பழி உண்டு என்று அதே பகுதி தொடர்கிறது. தற்காப்பை ஏற்கும் சட்டமே தற்காப்புக்கு எல்லையும் கட்டுகிறது.

இரு நிலைப்பாடுகளுக்கும் கடினமான கேள்விகள் உண்டு. நிக்கல் மைன்ஸில் ஆசிரியை பக்கத்துப் பண்ணைக்கு ஓடிக் காவல்துறையை அழைக்கச் செய்தார். ஆயுதம் தாங்கிய காவலர்கள் நிமிடங்களில் பள்ளியைச் சூழ்ந்தார்கள். தான் ஏந்த மறுக்கும் பட்டயத்தைப் பிறர் ஏந்தட்டும் என்று விடுவது சரியா? ரோமர் 13 அதை அரசின் கையில் கொடுத்திருக்கிறது என்பது ஆமிஷ் விடை. டெக்சஸில் உறுப்பினர்களே அந்தச் சுமையைத் தோளில் ஏற்றார்கள். பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் உயிரைக் காப்பதும் பிறனை நேசிப்பதுதான் என்பது அவர்கள் விடை. ஆனால் இறந்த இருவரில் ஒருவர் பாதுகாப்புக் குழுவினர். துப்பாக்கியை எடுக்க முனையும்போதே சுடப்பட்டார். ஆயுதம் பலரைக் காத்தது; எல்லாரையும் காக்கவில்லை.

இவ்வளவையும் தாண்டி என்னை மிகவும் ஈர்க்கும் உறவு ஒன்று உண்டு. டெக்சஸில் சுட்டவன் முன்பே உதவி கேட்டு வந்தவன் என்றும், சபை அவனுக்குப் பலமுறை உணவு கொடுத்திருந்தது என்றும் அதன் ஊழியர் சொன்னார். நிக்கல் மைன்ஸில் சுட்டவன் ஆமிஷ் பண்ணைகளில் பால் எடுக்கும் லாரி ஓட்டியவன். அன்று மாலையே ஆமிஷ் மக்கள் அவன் வீட்டாரைத் தேடிப்போய் ஆறுதல் சொன்னார்கள். அவன் அடக்கத்துக்கு வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவர்களே. ஒரு சபை பகைவனுக்குக் குற்றத்துக்கு முன்பு சோறிட்டது. மற்றொன்று குற்றத்துக்குப் பின்பு அவன் குடும்பத்தைத் தாங்கியது. பசித்த பகைவனுக்கு உணவு கொடு என்ற ஒரே கட்டளையின் இரு வேளைகள் இவை.

ஆகவே என் முடிவு இது. ஆயுதம் ஏந்தலாமா என்ற கேள்வியை மட்டும் வைத்து இச்சபைகளை எடைபோட்டால் பாதிதான் தெரியும். துப்பாக்கியைத் தொடாத சபைக்கு, காயம்பட்டவர்களையும் காயப்படுத்தியவனின் வீட்டாரையும் ஆண்டுக்கணக்கில் சுமக்கும் கடமை உண்டு. துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் சபைக்கு, தான் வீழ்த்தியவனும் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்பதை மறவாமல் அவனுக்காகவும் துக்கங்கொள்ளும் கடமை உண்டு. இதில் எந்தப் பக்கம் நிற்கும் கிறிஸ்தவரும், பகைவனுக்கு முன்பு என்ன செய்தோம், பின்பு என்ன செய்வோம் என்று முதலில் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.